கல் என்றால் நேற்று

வயர்லெஸ் செட்டில் நல்ல செய்தி வருகிறதென்றால் முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். அந்தப் பக்கம் பட்டனை அமுக்கியவருக்குச் சொல்லிவிட அவ்வளவு அவசரம். கெட்ட செய்தி அப்படி வராது. பட்டன் அமுங்கும், இரைச்சல் சட்டென்று நிற்கும், ஆனால் பேச்சு வராது. சொல்ல வேண்டியதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அங்கே ஒருவர் தடுமாறிக்கொண்டிருப்பார். என் உத்தியோகக் காலம் முழுக்க அந்த இடைவெளியைக் கேட்டிருக்கிறேன். காது கடைசி வரைக்கும் பழகவில்லை.

போர்ட் பிளேரில் நான் வயர்லெஸ் ஆபரேட்டர். சொந்த ஊர் தூத்துக்குடி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை என்று என்னோடு வேலை பார்த்த எல்லாருமே சொல்வார்கள், அதில் பொய்யில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டு, இனிமேல் வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெடிக்கல் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். ஊசி போடத் தெரியாதவன் என்ன வகுப்பு எடுப்பது என்று கேட்டேன். ஊசிக்கு ஆள் இருக்கிறது, நீ செட்டைச் சொல்லிக்கொடு என்றார்.

விஷயம் இதுதான். அப்போது டாக்டர்கள் எல்லாம் போர்ட் பிளேரில். மனிதர்களோ ரப்பர் தோட்டம், காடு வெட்டிய குடியேற்றம், ரோடு போடும் முகாம் என்று தீவு தீவாகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கப்பல் வந்தால் வந்தது. அதனால் கம்பவுண்டர் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் படிக்கும் பிள்ளைகள், தீவுக்குப் போவதற்கு முன்னால் வயர்லெஸ்ஸில் நோயாளியின் நிலையைச் சொல்லவும் டாக்டர் சொல்வதைக் கேட்டு நடக்கவும் பழக வேண்டும் என்று முடிவாயிற்று. தினம் காலையில் சாத்தம் தீவு மர மில்லின் சங்கு ஊதி அடங்கியதும் ஒவ்வொரு தீவாகக் கூப்பிடுவோம். டாக்டர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் வகுப்பு. உயிர்போன பழைய செட் ஒன்றை மேசையில் வைத்துப் பழக்கினேன். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாத பிள்ளைகளுக்கு மைக்கைக் கையில் வாங்கினால் நடுக்கம் வந்தது. பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். இவ்வளவுதான் வித்தை. அது வரவே பல நாள் ஆயிற்று. பேசி முடித்த பிறகும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பதில் வரவில்லையே என்று என்னைப் பார்ப்பார்கள். “வாயையும் காதையும் ஒரே நேரத்துல தொறந்து வச்சா ஒண்ணும் வெளங்காதுடே, விடு பட்டனை!” என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

பட்டனைவிடப் பெரிய பாடம் வாய்க்கட்டு. செட்டில் பேசுவது ரகசியமில்லை. போலீஸ் செட்டுகள் கேட்கும், போகிற கப்பல் கேட்கும், நல்ல ரேடியோ வைத்திருக்கும் எந்தச் சோம்பேறியும் திருகித் திருகிக் கேட்கலாம். ஒரு தீவில் ஒருத்திக்கு என்ன நோய் என்பது சாயங்காலம் பஜாரில் டீக்கடைப் பேச்சாகிவிடும். ஆகவே பெயர் சொல்லக் கூடாது, உறவு சொல்லக் கூடாது, பேஷண்ட் ஆணா பெண்ணா என்பதோடு நிறுத்த வேண்டும். டாக்டரும் பிள்ளைகளும் பேசும்போது ஆபரேட்டர் நடுவே வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டையும் நான் மனதார ஒத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. பேச்சு இந்தியிலோ இங்கிலீஷிலோதான் இருக்க வேண்டும். இதில்தான் எனக்கும் மேலதிகாரிக்கும் முட்டிக்கொண்டது. கட்சால் ரப்பர் தோட்டத்தில் இருப்பவர்கள் சிலோனிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். அங்கே போகப்போகிற பிள்ளையும் தமிழ். அந்தத் தீவுக்காவது தமிழை விடுங்கள் என்றேன். பெங்காலி டாக்டருக்கு என்ன புரியும், சத்தம் எட்டாத நாளில் நடுவில் செய்தி வாங்கித் தரும் மலையாளி ஆபரேட்டருக்கு என்ன புரியும் என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, நல்லது வேறு. நான் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று.

அவருக்குச் சாதகமாக வகுப்பிலேயே ஒன்று நடந்தது. கட்சாலுக்குப் போகவிருந்த பிள்ளை ஒத்திகையின்போது தமிழில், “பேஷண்டுக்கு மூணு நாளா வருத்தங்க” என்றாள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், “ஏன், வீட்ல யாரும் செத்துட்டாங்களா?” என்று கேட்டான். கொட்டகையே சிரித்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்க பக்கம் நோவு வந்தாத்தாங்க வருத்தம்னு சொல்றது. இதுல சிரிக்க என்னாங்க இருக்கு?” என்றாள்.

விஷயம் காதுக்கு எட்டியதும், பார்த்தாயா, உன் தமிழே ஒரு தமிழ் இல்லை என்றார் மேலதிகாரி. அதற்கு மேல் நான் அவரோடு மல்லுக்கட்டவில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், இருந்தவள். தாயார் அங்கேயே காலமாகிவிட, அக்காதான் தூக்கி வளர்த்தாள். இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியா வந்து, அங்கிருந்து மறுபடி கப்பலேறி கட்சாலுக்கு வந்த குடும்பம். அக்காவும் அக்கா புருஷனும் ரப்பர் பால் வெட்டித் தங்கையைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தன. நர்ஸ் படிப்புக்கு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் இந்தப் பிள்ளை அந்தக் கதையைத்தான் சொல்லும், வேறு காரணம் சொல்லாது.

இந்தி அவளுக்கு வார்டு ஆயாக்களிடமிருந்து வந்தது. ஒருநாள் ஒத்திகையில், ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பதை அப்படியே இந்திக்குத் திருப்பி, “நஹாயி நஹீ” என்றாள். குளிக்கவில்லையாம். வாசலில் நின்ற ஆயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “பேட் ஸே ஹை போலோ, பேட்டி”, அப்படிச் சொல்லு மகளே, என்று திருத்தினாள். வயிற்றோடு இருக்கிறாள் என்பதற்கு அங்கே எல்லாரும் சொல்வது அதுதான். அன்றையிலிருந்து அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சந்தை இந்தி, ஆனால் தடங்கலில்லாத இந்தி. செட்டில் பேசுவதில் அந்த வகுப்பிலேயே அவள்தான் முதல்.

படிப்பு முடிந்ததும் கட்சாலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்கா மறுபடி உண்டாகியிருந்தாள். சாத்தம் ஜெட்டியில் கப்பலேறும்போது வழியனுப்பப் போயிருந்தேன். புதுச் செருப்பு, தகரப் பெட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பை.

“இந்தத் தடவ அக்கா என் கையிலதாங்க பெத்துக்கும்” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“பட்டன விட மறந்துறாத” என்றேன். எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. கப்பல் திரும்பி முனையைத் தாண்டும்வரை அவள் கையாட்டிக்கொண்டே இருந்தாள். பெண்ணைக் கப்பலேற்றிய தகப்பன் மாதிரிக் கவலையோடு, மில்லிலிருந்து வரும் கூட்டத்தோடு பாலத்தைக் கடந்து திரும்பினேன்.

சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பெங்காலி டாக்டர் லீவில் மெயின்லேண்ட் போனார். அவர் இடத்துக்கு ஒரு சின்ன டாக்டர் வந்தார். சென்னைக்காரர், நல்ல மனிதர், எதையும் கேட்டுச் செய்கிறவர். இந்திப் பரீட்சைகளெல்லாம் எழுதித் தேறியவர். ஆனால் அது புத்தக இந்தி. கர்ப்பிணியை ‘கர்ப்பவதி’ என்பார், தலையை ‘ஸிர்’ என்பார். ஆயாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். புது உத்தியோகம் என்பதால் சட்டம் என்று சொன்னதை அணுவளவும் மீற மாட்டார். கட்சாலில் இருப்பது தமிழ்ப் பிள்ளை என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன். இங்கே உட்கார்ந்திருக்கும் புது டாக்டர் தமிழர் என்று அவளுக்குச் சொல்ல வழியில்லை. செட்டில் பெயரும் ஊரும் கிடையாதே. இரைச்சலில் எல்லார் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒன்றாகத்தான் இருக்கும். ஆக, இரண்டு தமிழர்கள் தினம் காலையில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத்தான் அது தெரியும்.

தென்மேற்குப் பருவம் வலுத்துவிட்ட ஒரு காலை. கூரையில் மழை, செட்டில் இரைச்சல், இரண்டில் எது எது என்று பிரிக்க முடியாத சத்தம். கட்சாலைக் கூப்பிட்டேன். பட்டன் அமுங்கியது. இரைச்சல் நின்றது. பேச்சு வரவில்லை. என் கை தானாகக் குமிழை இறுக்கிப் பிடித்தது.

பிறகு வந்தது. “பேஷண்ட் அவுரத். பேட் ஸே ஹை. பேஷாப் கல் ஸே பந்த். ஸர் தர்த், பஹுத். பாவ்…” அதற்கு மேல் இரைச்சல் விழுங்கிவிட்டது.

பெண். வயிற்றோடு இருக்கிறாள். நேற்றிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. தலைவலி, கடுமை. கால் என்னவோ. எனக்கு விளங்கியது இவ்வளவு. அந்த ‘பெண்’ அவளுடைய அக்கா என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. உறவு சொல்லக் கூடாது என்று பழக்கியிருந்தோம்.

டாக்டர் முன்னால் சாய்ந்தார். “கல்?” என்று கேட்டார்.

“கல்” என்றாள்.

“கல், பக்கா?”

“ஜீ, கல் பக்கா.”

“கமர் மே தர்த்?” இடுப்பில் வலி இருக்கிறதா என்கிறார்.

“ஹா ஜீ.”

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். தண்ணீர் கொடு, நிறையக் கொடு, வேண்டாம் என்றாலும் விடாதே, வற்புறுத்திக் குடிக்க வை, அடுத்த கப்பலில் அனுப்பு என்று தன் புத்தக இந்தியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அந்தப் பக்கம் மறுபடி அந்த இடைவெளி.

“பானி, டாக்டர் சாப்?” என்றாள்.

“பானி. பஹுத் பானி.”

“டீக் ஹை” என்று செட்டை அணைத்துவிட்டாள். கட்சாலில் பேட்டரியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இனி மறுநாள் காலையில்தான் அவள் செட்டைத் தொடுவாள். மருந்து டாக்டர் வேலை, குமிழ் என் வேலை. நான் அடுத்த தீவைக் கூப்பிட்டேன்.

எல்லாத் தீவும் முடிந்த பிறகு டீ வந்தது. டாக்டர் நல்ல குஷியில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தால் தமிழில்தான் பேசுவோம்.

“உங்க கட்சால் ஸ்டூடண்ட் செம ஷார்ப் சார். ஸ்டோனுன்னு அவளே கண்டுபிடிச்சிட்டா” என்றார்.

“எந்த ஸ்டோன்?”

“அதான் சொன்னாளே, பேஷாப் கல் ஸே பந்துன்னு. கல்லால அடைப்பு. நம்ம வார்டுலயும் இந்த வாரம் எல்லாம் கல்லடைப்பு கேஸாத்தானே வருது.”

டம்ளரைக் கீழே வைத்தேன். “சார், கல்னா நேத்து.”

“எனக்குத் தெரியாதா? கல்னா நேத்து, நாளைக்குன்னும் சொல்லுவாங்க. ஆனா இங்க யாரு சுத்தமா இந்தி பேசறாங்க? பாதி இங்கிலீஷு, பாதி அவங்கவங்க பாஷை. தமிழ்ப் பொண்ணு, வார்த்தை வராம நம்ம கல்லையே போட்டுட்டான்னு நெனச்சேன். அதான் ரெண்டு தடவை கேட்டேனே, கல் பக்கான்னாளே.”

“நேத்துதான், சந்தேகமே இல்லன்னு அவ சொல்லிருக்கா சார். நீங்க தமிழ்னே அவளுக்குத் தெரியாது. அப்புறம் எப்படித் தமிழ் வார்த்தையப் போடுவா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “சரி, வயித்துலேர்ந்து வர்ற வலின்னு சொன்னாளே, பேட் ஸேன்னு?”

“மாசமா இருக்கான்னு அர்த்தம் சார். இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். வாய்க்குள்ளேயே அந்தப் பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “ஸர், தர்த், பஹுத்…” என்று நிறுத்தினார். “என்னை சார்னு கூப்பிட்டாள்னு நெனச்சேன். சார், வலிக்குதுன்னு.”

“அவ யாரையும் சார்னு கூப்பிட மாட்டா. டாக்டர் சாப்னுதான் சொல்லுவா. ஸர்னா தலை. தலவலி.”

மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. கர்ப்பிணிக்குத் தலைவலி, நீர் இறங்கவில்லை, கால் வீக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று விரல் மடக்கினார். “இது கல்லு இல்ல. இது வலிப்புல கொண்டுபோய் விடும். உடனே இங்க கொண்டுவர வேண்டிய கேஸ். தண்ணி குடுக்கவே கூடாது, மேலும் மேலும் வீங்கும். நான் பிடிச்சு ஊத்தச் சொல்லியிருக்கேன்” என்றார்.

எனக்குப் பயம் வந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு பிள்ளை, டாக்டர் சொன்னாரே என்று டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவளை நிறுத்த வேண்டும். நிறுத்த ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைக் கொண்டுபோக உலகத்தில் இருந்தது ஒரே ஒரு செட், அது அணைந்து கிடந்தது.

கூப்பிட்டேன். கட்சால், கட்சால் என்று அன்று பகல் முழுக்கக் கூப்பிட்டேன். இரைச்சல்தான் பதில் சொன்னது. பக்கத்துத் தீவில் போலீஸ் செட் ஒன்று இருந்தது. அவர்களைப் பிடித்தோம். கடல் இருக்கும் இருப்பில் எந்த டிங்கிப் படகும் குறுக்கே போகாது என்றார்கள். டாக்டர் கெஞ்சினார். ஆள் போனால் ஆளும் வராது, சேதியும் போகாது என்று பதில் வந்தது. டாக்டர் ஆஸ்பத்திரிப் பெரியவர்களிடம் ஓடினார், அவர்கள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். தீவுகளுக்குப் போகும் கப்பல் கார் நிக்கோபார் தீவில் நின்றது. அது கட்சால் போகிற முறை இல்லை. கேப்டன் இரக்கப்பட்டுத் திருப்பினார். மறுநாள் முற்பகலில் அங்கே போய்விடலாம், அலை விட்டால் படகு இறக்குகிறேன், விடாவிட்டால் என்னைக் குறை சொல்லாதே என்றார்.

கப்பல் வருவது கட்சாலில் ஒருவருக்கும் தெரியாது. அதுவே எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. உதவி வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தாலாவது மனுஷருக்கு ஒரு தெம்பு.

சாயங்காலம், கடலோரம் மின்னி பே என்ற இடத்தில் இருந்த என் வீட்டுக்குப் போனேன். கடல் ரோட்டு ஓரம் வரை ஏறி வந்து அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு போட்டாள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்தாள். அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. “செம்ப அங்குட்டு எடு” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அந்த மேலதிகாரியை, அந்தச் சட்டத்தை, இந்தி கற்றுக்கொடுத்த புத்தகத்தை எல்லாம் மனதுக்குள் வைது தீர்த்தேன். வைது என்ன செய்ய, அலை சத்தம் குறையவில்லை.

மறுநாள் மில் சங்குக்கு முன்பே டாக்டர் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் போட்டிருந்த சட்டைதான். நான் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டன் அமுங்கியது. இரைச்சல் நின்றது. பேச்சில்லை. நொடிகளை எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

“பேஷண்ட் அவுரத்…” என்று ஆரம்பித்தாள். குரல் கரகரத்திருந்தது. டாக்டர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு இந்தியில் ஏதோ சொல்லப் போனார். வினைச்சொல் தேடித் திணறினார். பானி, பானி என்று இரண்டு முறை சொன்னார். போச்சு, இன்னும் தண்ணீர் கொடு என்கிறார் என்று எடுத்துக்கொள்வாள் என்று எனக்கு உடம்பு பதறிவிட்டது. ஆபரேட்டர் வாய் திறக்கக் கூடாது என்ற சட்டம் அப்போது நினைவிலேயே இல்லை. மைக்கை வாங்கினேன்.

“ஏ புள்ள, நான் பேசுதேன். தண்ணிய நிறுத்து. டாக்டரும் நம்ம ஆளுதான், தமிழ்தான். எல்லாத்தையும் தமிழ்லயே சொல்லு.”

இடைவெளி. இந்த முறை மழையும் நின்றுவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு நீளமான இடைவெளி.

“டொக்டர் தமிழாங்க?” என்றாள்.

டாக்டர் மைக்கை வாங்கினார். “ஆமாம்மா, நான் தமிழ்தான். சொல்லும்மா.”

அவள் சொன்னாள். அணை உடைந்த மாதிரி எல்லாம் ஒரேயடியாக வந்தது. காலும் முகமும் வீங்கிப்போச்சுங்க. கண்ணு இருட்டுதுன்னு சொன்னுச்சுங்க. விடியறப்ப வெட்டி வெட்டி இழுத்துச்சுங்க, பல்லக் கடிச்சு நாக்குல ரத்தங்க. இப்ப கூப்பிட்டா முழிக்கலங்க. வயித்துல பிள்ள அசையிறது தெரியலங்க. டாக்டர் கையிருப்பில் என்ன ஊசி இருக்கிறது என்று கேட்டார். இருப்பதில் எதைப் போடுவது, எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது, பல்லுக்கு நடுவில் எதை வைப்பது என்று படபடவென்று சொன்னார். கப்பல் வந்துகொண்டிருக்கிறது, கரையில் ஆட்களைத் தயாராக நிறுத்து என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள். எவ்வளவு சுலபமாக இருந்தது! நேற்றும் இவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கடைசியாக டாக்டர், “இனிமே தண்ணி ஒரு சொட்டுகூடக் குடுக்காதம்மா” என்றார்.

அவள் பட்டனை அமுக்கினாள். “அக்கா வேணாம் வேணாம்னுதாங்க சொன்னுச்சு” என்றாள். “தண்ணியப் பார்த்தாலே கொமட்டுதுன்னு கையத் தட்டி விட்டுச்சுங்க. டொக்டர் சொன்னா கேக்கணும்னு நாந்தாங்க வாயப் பிடிச்சு ஊத்தினேன்.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவா என்று உதடு மட்டும் அசைந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. செட் அணைந்துவிட்டது.

கப்பல் சொன்னபடி முற்பகலில் வந்து கட்சாலுக்கு வெளியே நின்றது. அலை படகை இறக்க விடவில்லை. ஒருமுறை இறக்கித் திரும்ப ஏற்றினார்கள் என்று கப்பல் ஆபரேட்டர் சொன்னார். பிற்பகலில் படகு கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த செய்தி நாலைந்து வார்த்தைதான். நோயாளி ஏற்றப்படவில்லை. அலையா காரணம் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன். இல்லை, தேவைப்படவில்லை என்று பதில் வந்தது. தாயும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

டாக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. கோபம் எனக்கு அழுகையை விடாது. மேலதிகாரியிடம் போய், வேலையைவிட்டு நீக்கினாலும் சரி, கட்சாலோடு இனி தமிழில்தான் பேச்சு என்று கத்திவிட்டு வந்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அன்றோடு அந்தச் சட்டம் செத்தது. எந்தக் காகிதத்திலும் அதை ரத்து செய்ததாக நான் பார்க்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கட்சாலிலிருந்து அழைப்பு இல்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒரு காலை, சங்கு ஊதி அடங்கிய கையோடு, நான் கூப்பிடுவதற்கு முன்பே அவள் வந்தாள். இரண்டு காய்ச்சல், ஒரு கைக்காயம், ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, துளிப் பிசகில்லாத இந்தியில் சொன்னாள். டாக்டர் தமிழ் என்று தெரிந்ததுமே, அவர் எந்தக் கல்லைக் கேட்டார் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ‘கல்’ வரவேண்டிய இடத்தில் கிழமையின் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் மைக்கை எடுத்தார். “அம்மா, இனிமே நாம தமிழ்லயே பேசலாம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ தமிழ்லயே சொல்லும்மா” என்றார்.

பட்டன் அமுங்கியது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

“டாக்டர் சாப்,” என்றாள், “ஹிந்தி மே போலியே.”